பாரம் முன்னுக்கு

கிணிங், கிணிங் என்று கேட்கிறதுதானே? அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேரே வாங்கோ தம்பி. பயப்படாதேங்கோ, இந்தக் காட்டுக்குள் கோயில் ஒன்றும் இல்லை. எங்கட ட்ரெய்லர்தான். காற்று வந்து விலாவில் இடித்தால் அது ஆடும். ஆடினால் உள்ளே சாமித்தட்டில் தொங்குகிற மணி அடிக்கும். பனி இப்படிச் சுழற்றிச் சுழற்றி அடிக்கிறபோது கண்ணால் பார்த்து வர ஏலாது, காதால்தான் வரவேண்டும். இடப்பக்கம் சரியாதேங்கோ, அங்கே ட்ரெய்லரை டிரக்கோடு கொளுவுகிற இரும்பு நீட்டிக்கொண்டு நிற்கிறது, முழங்காலை உடைக்கும். ஆ, வந்துவிட்டீர்கள். படி... படியில் கவனம். விடியத்தான் பனியைக் கொத்தினேன், அதற்குள் திரும்பவும் கண்ணாடி மாதிரிப் பிடித்துவிட்டது.

உள்ளே வாங்கோ, கதவைக் கெதியாய்ச் சாத்துங்கோ, சூடு ஓடிவிடும். சப்பாத்தோடேயே வாங்கோ, பரவாயில்லை. இல்லை, சாமி இருக்கிறது, கழற்றத்தான் வேண்டும். அதில், அந்தச் சாக்குக்கு மேலே வையுங்கோ.

நகுலனுடைய சிநேகிதன் நீங்கள்தானே? வைட்ஹோர்சில் இருந்து எட்மன்டனுக்கு லொறியோடு போகிற தம்பி? கஜரூபன். ஓம், டெலிபோனில் பெயர் சொன்னவன். நான் பரராசசிங்கம். பரம் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். நகுலனுடைய அக்கா மலரின்ர புருசன்.

இருங்கோ. அந்தக் கதிரை ஒரு பக்கம் ஆடும், மற்றதில் இருங்கோ. அவசரப்பட்டாலும் உங்களால் இப்போது போக முடியாது. கீழே இறக்கத்தில் றோட்டை மறித்துக் கம்பி போட்டிருக்கிறார்கள். பனி தள்ளுகிற வண்டி போய்த் திரும்பி வந்தால்தான் திறப்பார்கள். டோனா என்கிற மனிசி ஓட்டுகிற வண்டி. அது வருகிறபோது நிலமே அதிரும், உங்களுக்கும் கேட்கும். அதுவரைக்கும் தேத்தண்ணி குடிக்கலாம். பால்மாத் தேத்தண்ணி. இந்தத் திசையில் வேறு எங்கே கிடைக்கும் உங்களுக்கு?

நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உடுப்புப் பெட்டியும் சாமிப் படங்களும். நகுலன் சொன்னவன். "அத்தான், அக்கா கேக்கிறா, குடுத்து விடுங்கோ." நான் சரி என்றேன். வேறென்ன சொல்கிறது. பெட்டியைக் கேட்டால், பாவம், தம்பி வீட்டில், எட்மன்டன் குளிருக்கு உடுப்பில்லை என்று நினைக்கலாம். சாமியைக் கேட்டால் என்ன நினைக்கிறது, சொல்லுங்கோ? தம்பி வீட்டில் சாமி இல்லையோ? அவனுடைய பெண்சாதி ஒரு அறை முழுக்கச் சாமி வைத்திருக்கிறாள். அதைவிட்டு இதுகளும் வேண்டும் என்றால்... ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களோ? மணியைக் கேட்கவில்லை. படங்கள், குத்துவிளக்கு, திருநீற்றுத் தட்டு, எல்லாம் பேர் பேராய்ச் சொன்னவ. மணியைச் சொல்லவில்லை. திரும்பி வராத பெண் மணியை விட்டுவிட்டுப் போவாவோ? நான் நகுலனிடம் கேட்கவில்லை. அவனிடம் கேட்டால் ஏதாவது விளக்கம் சொல்லுவான். எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருக்கிறவன்.

சீனி காணுமோ, இன்னும் போடவோ? பாருங்கோ.

ரொறன்ரோவில் நான் பாண் சுடுகிற ஃபாக்டரியில் இரவு வேலை. வந்த நாள் தொடங்கி இரவு வேலைதான். மலர் பகலில் ஆஸ்பத்திரிச் சீலை தோய்க்கிற இடத்தில். நான் வந்து சப்பாத்துக் கழற்ற அவ சப்பாத்துப் போடுவா. "சோறு மூடி வைச்சிருக்கு." "சரி." "சாவி மேசையில." "சரி." எங்கட கலியாண வாழ்க்கை முழுக்கக் கால்மிதிக்கு மேலேதான் நடந்தது என்று நான் பகிடியாய்ச் சொல்லுவேன். சிரிப்பா. முந்திச் சிரிப்பா. பிள்ளைகளும் கிடைக்கவில்லை, ஆளுக்கொரு நேரத்தில் ஒரே கட்டிலில் படுத்து எழும்பினோம். நான் படுக்கிறபோது அவ படுத்த சூடு இருக்கும். அது ஒரு ஆறுதல்தான் தம்பி, நீங்கள் சின்னப் பிள்ளை, விளங்காது.

பிறகு ஃபாக்டரியை மூடினார்கள். அப்போதுதான் வடக்கே வைட்ஹோர்சில் ஒரு ஹோட்டலில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இருக்க வீடு கிடைக்காது, வாடகை நெருப்பு, ஆனால் ஹோட்டலுக்குப் பின்னால் ட்ரெய்லர் விட இடம் தருவோம் என்றார்கள். எனக்கு மண்டைக்குள் ஒரு வெளிச்சம். ட்ரெய்லர்! நீங்களே பாருங்கோ, இது எவ்வளவு இடம்? இந்தப் பக்கம் குசினி, அந்தப் பக்கம் கட்டில், நடுவில் நாங்கள் இருக்கிற இந்த மேசை. இதற்குள் ஒரு புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் காணாமல் இருக்க முடியுமோ? திரும்பினால் முழங்கை இடிக்கும். அதைத்தான் நினைத்தேன். இனியாவது ஒன்றாய் இருப்பம் என்று. நான் அவவுக்காக வாங்கினது இது. அது ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

மலர் கேட்டா, "அங்க என்ன வேலை?" "இரவுக் காவலும் கூட்டித் துடைக்கிறதும்." "இரவு வேலையோ?" என்றா. ஓம் இரவு வேலைதான், ஆனால் ட்ரெய்லர் பின்னாலேதானே நிற்கும், இடையில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவேன் என்றேன். அதற்குப் பிறகு அவ ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் மலரில் பிடித்தது. ஒன்றையும் மறித்துச் சொல்லமாட்டா.

நகுலன்தான் சொன்னான். மே மாதம் போங்கோ அத்தான், மாரிப் பனியில அந்த றோட்டில ட்ரெய்லர் இழுக்கிறது விளையாட்டில்லை, அக்காவையும் கூட்டிக்கொண்டு. மே மாதம்! ஹோட்டல்காரன் எனக்காக இரவில் கண் முழித்துக்கொண்டு மே மாதம்வரை இருப்பானோ? நகுலன் எண்ணெய்க் கிணற்று வேலையாட்கள் தங்குகிற காம்புகளுக்கு ட்ரெய்லர் இழுக்கிறவன், ஓம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரொறன்ரோவில் இருந்து எட்மன்டன் வரைக்கும் ஆர் இழுத்தது? நான். பனிக்குள்தான் இழுத்தேன். ஒரு கீறல் இல்லை. தாளம் போட்டமாதிரிப் பின்னால் வந்தது இது.

பிரச்சினை எட்மன்டனில்தான் தொடங்கினது. சாமான் ஏற்றினதில். அங்கே கடைசித் தமிழ்க் கடை. அதற்கு மேலே போனால் ஒரு கறிவேப்பிலை காணமாட்டீர்கள். ஒரு வருசத்துச் சாமான் வாங்கினோம். புழுங்கல் அரிசி மூட்டை மூட்டையாய், மா, பருப்பு, தேங்காய்ப்பால் ரின், பிறகு ஒரு ஃபிரீசர் நிறைய மீன். விளைமீனும் பாரையும். நகுலன் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "அத்தான், மைனஸ் நாப்பதுக்குள்ள ஃபிரீசர் கொண்டு போற முதல் ஆள் நீங்கள்தான். மீனை வெளியில எறிஞ்சு வைச்சாலே காணுமே." அவனுடைய பெண்சாதியும் சிரிக்கிறாள். மலரும்கூடச் சிரித்தமாதிரி இருந்தது. நான் கேட்டேன், "கரடி வந்து திண்டால் நீ கொண்டுவந்து தருவியோ?" என்று. அடங்கிவிட்டான்.

மலர் அரிசி மூட்டைகளை முன்னுக்குத்தான் அடுக்க வைத்தா. இதோ, நீங்கள் பார்க்கிறீர்களே, இந்தச் சாமித்தட்டுக்குக் கீழே. ட்ரெய்லரின் மூக்கு இது. சாமியைக் கிழக்குப் பார்க்க வைக்க முடியாது, ட்ரெய்லர் திரும்பிக்கொண்டே இருக்கும், ஆனபடியால் போகிற திசையைப் பார்க்க வைத்தேன். எங்களுக்கு முன்னால் சாமி போகட்டும் என்று. நகுலன் வந்து பார்த்தான். "ஓம் அக்கா, அப்பிடியே வையுங்கோ. ஃபிரீசரையும் கொண்டுவந்து இதில வைப்பம். பாரம் முன்னுக்கு இருக்கோணும். முன்னுக்கு இருந்தாத்தான் ட்ரெய்லர் டிரக்கின்ர சொல்லுக் கேக்கும். பின்னுக்கு வைச்சியளெண்டால் அது தன்ர பாட்டுக்குப் போகப் பாக்கும்."

நீங்களே சொல்லுங்கோ தம்பி. சாமித்தட்டுக்குக் கீழே மீனோ? பிள்ளையாருக்கு நேரே பாரை மீனோ? நான் சொன்னேன், "நகுலன், நீ காம்புக்காரரின்ர ட்ரெய்லர் இழுக்கிறனி. அதில சாமி இல்லை. இதில சாமி இருக்கு." அவன் சொன்னான், "அப்ப சாமியைப் பின்னுக்கு வையுங்கோ அத்தான்." கேட்டீர்களோ கதையை! எனக்கு முகத்தில் அடித்தமாதிரி. ஃபிரீசரைத் தூக்கினேன், கட்டிலுக்குப் பின்னால், கடைசி மூலையில் வைத்தேன். மீன் போன பிறகு அரிசி மட்டும் ஏன் என்று அரிசியையும் பின்னுக்குக் கொண்டுபோனேன். கிரைண்டரையும். முதுகுக்குக் கீழே நாரி பிடித்தது இன்னும் விடவில்லை. மலர் பார்த்துக்கொண்டு நின்றா. "அவன் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோவன்" என்றா. அவ்வளவுதான்.

வெளிக்கிடுகிற அன்றைக்குக் கோயிலடியில் தேங்காய் உடைத்து, டிரக்கின் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். பழம் இரவு முழுக்க டிரக்குக்குள் கிடந்தது, கல்லாய் உறைந்துபோயிற்று. டிரக்கை எடுத்தால் நசியவில்லை. ஏறி இறங்கினது. இறங்கிப் பார்த்தேன், முழுசாய்க் கிடக்கிறது, தோல்கூடப் பிரியவில்லை. குருக்கள் வானத்தைப் பார்க்கிறார். நான் சப்பாத்துக் குதியால் மிதித்தேன், வழுக்கி உருண்டு போயிற்று. நகுலனுடைய பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்போ பயமோ தெரியாது. மலர் போய் அதை எடுத்துக் கோட்டுப் பொக்கற்றுக்குள் போட்டா.

கடைசியாய் நகுலன் டிரக் யன்னலுக்குள் தலையை விட்டு இன்னொரு பாடம். ஸ்டியரிங்குக்குக் கீழே சின்னக் கட்டை ஒன்று இருக்கிறதுதானே, ட்ரெய்லரை மட்டும் பிரேக் பிடிக்கிறது? "பின்னால ஆடத் தொடங்கினால் காலால பிரேக் மிதிக்காதேங்கோ அத்தான். இந்தக் கட்டையை மெல்லமாய்த் தள்ளுங்கோ, தானா நேர வரும்." நான் தலையாட்டினேன். அக்கா, கேட்டனீங்களோ என்று அவவிடமும் சொன்னான். அவவுக்கு ஏன்? அவ ஓட்டுகிறதில்லையே.

அந்த றோட்டு உங்களுக்குத் தெரியும், நான் ஏன் சொல்ல வேண்டும். மரம், மரம், மரம். பெற்றோல் ஷெட் ஒன்று கண்டால் கோயில் கண்டமாதிரி. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ வெளிச்சம் போய்விடும். முதல் நாள் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் மலர் தொடங்கினா. "இஞ்சாருங்கோ, பின்னால ஆடுது." காற்று என்றேன். கொஞ்ச நேரத்தால், "கண்ணாடியில ஒருக்காப் பாருங்கோவன்." பார்த்தேன், ஆடினதுதான், கொஞ்சம். பெரிய லொறி ஒன்று எதிரே வந்து போனால் ஆடத்தானே செய்யும். நான் வானொலியைக் கூட்டிவிட்டேன். அங்கே வானொலியும் இல்லை, கரகர என்ற சத்தம் மட்டும்தான், ஆனாலும் கூட்டிவிட்டேன்.

ஒரு இடத்தில் நிற்பாட்டித் தேத்தண்ணிக்கு உள்ளே வந்தால் சாமிப் படமெல்லாம் நிலத்தில் கிடக்கிறது. மணி அங்கே உருண்டு கிடக்கிறது. மலர் அப்படியே வாசலில் நின்றா. "சாமி விழுந்து கிடக்கு," என்றா. "முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டிருக்குது. நகுலன் சொன்னவன்தானே." எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். குளிருக்குள் நின்று எடுத்து எடுத்து வைத்தேன். பிறகு பெட்டி ஒட்டுகிற டேப் இருந்தது, அதால் ஒவ்வொரு சாமியையும் தட்டோடு சேர்த்து ஒட்டினேன். பாருங்கோ, முருகனுடைய கழுத்தில் இப்பவும் இருக்கிறது. உரிக்கப் போனால் படம் கிழியும், அப்படியே கொண்டுபோங்கோ. அதற்குப் பிறகு ஒரு படம் விழவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கொஞ்சம் பொறுங்கோ. அந்த வண்டியோ? இல்லை, காற்று.

இறக்கம் எது என்று உங்களுக்குத் தெரியும், இப்போது மறித்திருக்கிறார்களே, அதேதான். வளைந்து வளைந்து ஆற்றுக்கு இறங்குகிறது. நான் மெல்லத்தான் விட்டேன். திடீரென்று இது பின்னால் இருந்து தள்ளத் தொடங்கிவிட்டது. ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம். ஸ்டியரிங் என்ர கையில் இல்லை, ஆரோ பின்னால் இருந்து பிடித்து ஆட்டுகிறமாதிரி. சரியாய் அந்த நேரம் பார்த்து மலர் கையை நீட்டுகிறா! எனக்குக் குறுக்காலே, ஸ்டியரிங்குக்குக் கீழே. அந்தக் கட்டையைத் தள்ளப் பார்த்தா. வாழ்க்கையில் கார் ஓட்டி அறியாத மனிசி. "கையை எடும்!" என்று தட்டிவிட்டேன். தட்டிவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றால், ஏறி நின்றேன். அந்தக் கைதான் தம்பி என்னைக் குழப்பினது. அந்தக் கை வராமல் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன். அவவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று.

பிறகு டிரக்கும் ட்ரெய்லரும் கத்தி மாதிரி மடங்கிவிட்டன. ட்ரெய்லர் எங்களுக்குப் பக்கத்தால் வந்து யன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறது. வெள்ளையாய் ஒன்று எழும்பினது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பனிக்குவியலுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நிற்கிறோம், வந்த திசையைப் பார்த்தபடி. ஒருத்தருக்கும் ஒரு காயமும் இல்லை. மலருக்கு மணிக்கட்டு கொஞ்சம் வீங்கினது. அது எதிலோ இடித்ததாய் இருக்கும். தட்டினதால் வீங்காது.

எஞ்சின் நின்றுவிட்டது. குளிர் எப்படி வரும் தெரியுமோ, கதவால் வராது, இருக்கிற இருக்கைக்குள்ளால் ஏறும். இரண்டு பேரும் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருந்தோம். மலர் என்ர கையை எடுத்துத் தன்னுடைய கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டா. உள்ளே அந்த எலுமிச்சம்பழம். கல்லுப் போல. "இது இன்னும் இளகேல்லை," என்றா. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்ட இருந்தோம். முழங்கை இடிக்கிற அளவுக்கு. நான் கேட்டது அதுதானே.

அப்போதுதான் டோனா வந்தா. பனி தள்ளுகிற வண்டியின் நீல வெளிச்சம் முதலில், பிறகு ஆள். பெரிய மனிசி, என்னைத் தூக்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு போவா. "ஏறுங்கோ, ரெண்டு பேரும், கெதியாய்" என்றா, அவவின் பாஷையில். மலர் ஏறினா. ஏறிவிட்டு மேலே நின்று கையை நீட்டினா, "வாங்கோ."

எப்படி வருகிறது? நீங்களே சொல்லுங்கோ. ட்ரெய்லருக்குள் ஹீற்றரை மூட்டாமல் விட்டால் தண்ணிக் குழாயெல்லாம் உறைந்து வெடிக்கும். குழாய் வெடித்தால் ட்ரெய்லர் முடிந்தது. அதோடு சாமி இருக்கிறது, சாமான் இருக்கிறது. ஆராவது நிற்கத்தானே வேண்டும்? "நீர் போம், நான் சாமானைப் பார்த்துக்கொள்ளுறன்" என்றேன். திரும்பவும் "வாங்கோ" என்றா. கையை நீட்டினபடியே நின்றா. டோனா ஏதோ கத்தினா. நான் கதவைச் சாத்திவிட்டேன், வண்டிக்குள் குளிர் போகாமல். அவவுக்காகத்தான் சாத்தினேன்.

போனா. அப்படியே போனா. மைனஸ் நாற்பதில், இருட்டுக்குள், கட்டின புருசனைத் தனிய விட்டுவிட்டு ஆரோ ஒரு மனிசியோடு ஏறிப் போனா. இதை நான் கதையாய்ச் சொன்னால் ஆரும் நம்புவார்களோ? நான் உள்ளே வந்து ஹீற்றரை மூட்டி, கைவிரல் மரத்து, குழாயெல்லாவற்றையும் அவவின் சீலைகளால் சுற்றி, இரவு முழுக்க முழித்திருந்தேன். முழித்திருக்கிறது எனக்குப் பழக்கம். அவ இல்லாமல் முழித்திருக்கிறதும் பழக்கம்தான். விடியப் பார்த்தால் ஒரு குழாய்கூட வெடிக்கவில்லை.

பிறகு டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்து றோட்டோரத்தில் ஆட்கள் தங்குகிற இந்த லொட்ஜ் வளவுக்குள் விட்டார்கள். லொட்ஜ்காரர் நல்ல மனிசர். மலருக்கு மேலே ஒரு அறை கொடுத்தார்கள், சூடான அறை. இரண்டு பேருக்கும்தான் கொடுத்தார்கள். நான் எப்படி அங்கே போய்ப் படுக்கிறது? இதைப் பார்க்க வேண்டாமோ? பகலில் ட்ரெய்லருக்குக் கீழே கிடந்து குழாய்க்குப் பஞ்சு சுற்றினேன், இரவில் ஹீற்றரைப் பார்த்தேன். மலர் சாப்பாட்டு அறை யன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பா. நான் கையைக் காட்டுவேன். நகுலன் எட்மன்டனில் இருந்து காரில் வந்து சேரும்வரைக்கும் அப்படித்தான்.

நகுலன் வந்தானே, என்ன செய்தான் தெரியுமோ? ட்ரெய்லரின் பின்கதவைத் திறந்து பார்த்தான். ஃபிரீசரைப் பார்த்தான், அரிசி மூட்டைகளைப் பார்த்தான். பிறகு சாத்தினான். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை! நான் சொன்னதுதானே அத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், சண்டை பிடித்திருப்போம், பிறகு தேத்தண்ணி குடித்திருப்போம். வாயே திறக்கவில்லை. அவ்வளவு நெஞ்சழுத்தம்.

நகுலனோடு எட்மன்டனுக்கு வெளிக்கிடுகிறபோது மலர் இங்கே வந்தா. அதுதான் எனக்கு... நான் உள்ளே ஹீற்றருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கிறேன். காலடிச் சத்தம் கேட்டது. மலரின் நடை எனக்குத் தெரியும், அத்தனை வருசம் அது வாசலால் போகிற சத்தத்தைக் கேட்டவன். வருகிறா என்று தெரியும். எழும்பினேனோ? எழும்பினேன், ஹீற்றர் மூடியைப் பூட்டிவிட்டு எழும்புவம் என்று. அதற்குள் படியில் கால் வைத்தா. பனி. வழுக்கி முழங்கால் அடிபட விழுந்தா. டொம் என்று கேட்டது, மணியும் அடித்தது. நான் கதவைத் திறக்க அவ எழும்பிவிட்டா. உடுப்பைத் தட்டினா. என்னைப் பார்த்தா. "படியைக்கூடக் கொத்தி விடேல்லையோ," என்றா. கோபமாய் இல்லை தம்பி. களைத்துப்போய்ச் சொன்னா. திரும்பிப் போய்க் காரில் ஏறிவிட்டா.

அந்தப் படிதான். எனக்குத் தெரியும், வேறொன்றும் இல்லை. ஏறி வந்திருந்தால் இந்தக் கதிரையில் இருந்திருப்பா, நான் தேத்தண்ணி ஊற்றியிருப்பேன், சுற்றிப் பார்த்து, ஒரு குழாயும் வெடிக்கவில்லை என்று கண்டிருப்பா. இருந்திருப்பா. ஒரு பிடி பனி, தம்பி. ஒரு குடும்பம் ஒரு பிடி பனியில் வழுக்கிப் போயிற்று. அதுதான் இப்போது நான் காலமை பின்னேரம் பாராமல் கொத்துகிறேன். உப்பும் போடுகிறேன். என்ன உப்புப் போட்டாலும் இந்தக் குளிருக்கு உருகாது, ஆனாலும் போடுகிறேன்.

ஹோட்டல் வேலையோ? அவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். பரவாயில்லை. லொட்ஜ்காரருக்கு இரவில் பெற்றோல் பம்பைப் பார்க்கிறேன், வளவில் பனி அள்ளுகிறேன், அதற்குக் கரண்ட் தருகிறார்கள்.

கேட்கிறதோ? இப்போது கேட்கிறதுதானே? கோப்பைக்குள் தேத்தண்ணி நடுங்குகிறது பாருங்கோ. டோனாதான். றோட்டுத் திறந்தாயிற்று.

சரி, எடுங்கோ. இது பெட்டி. சாமிகளைக் கட்டிலுக்குப் போடுகிற கம்பளியில் சுற்றியிருக்கிறேன், கீழே வைக்க வேண்டாம், லொறியில் சீற்றுக்குப் பக்கத்தில் வையுங்கோ. மணியோ? இல்லை, அதைத் தொடாதேங்கோ. கேட்காததைக் கொடுத்து அனுப்பக் கூடாது.

தட்டு வெறுமையாய்ப் போனது வித்தியாசமாய்த்தான் இருக்கிறது. இனி முன்னுக்கு எதையும் வைக்கலாம் என்ன? அரிசி, மீன், எதையும். சும்மா சொல்கிறேன்.

அவவிடம் என்ன சொல்கிறது... சொல்லுங்கோ, ஒரு குழாய்கூட வெடிக்கவில்லையாம் என்று. மீனும் பழுதில்லை. அதைச் சொல்லுங்கோ.

என்ன? என்ன சொன்னீர்கள்? ஆர், அவவோ சொன்னவ? நகுலன் சொல்லவில்லையே. அவ தன்ர வாயாலேயே சொன்னவவோ? "அவர் வந்தால் ஏத்திக்கொண்டு வாங்கோ" என்று? வந்தால் என்றோ, வரச்சொல்லி என்றோ? வந்தால். ம்.

லொறியில் மற்றச் சீற்று வெறுமையாகவோ இருக்கிறது?

இல்லைத் தம்பி, கையை நீட்டாதேங்கோ, நான் வழுக்கமாட்டேன், இது எனக்குப் பழகின படி. வரலாம். வரக்கூடாது என்றில்லை. எட்மன்டன் என்ன, ஒரு ஓட்டம்தானே. ஆனால் இந்தக் குளிருக்குள் ஹீற்றரை ஆர் பார்க்கிறது? கொஞ்ச நேரம் நின்றால் போதும், எல்லாம் போயிற்று. இவ்வளவு நாள் காப்பாற்றி வைத்துவிட்டு? அவ திரும்பி வந்து வெடித்த ட்ரெய்லரிலோ இருக்கிறது? அவவுக்கு விளங்கும். நீங்கள் சொன்னால் விளங்கும். பனி இளகட்டும், நானே இதைக் கொளுவி இழுத்துக்கொண்டு வருகிறேன். மூக்கும் அந்தப் பக்கம்தானே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

நீங்கள் போங்கோ. டோனா திரும்பவும் மறித்துவிடுவா. கதவை இழுத்துச் சாத்துங்கோ, லொறிக்குள் குளிர் போகும். கவனம், இறக்கத்தில் பிரேக் மிதிக்காதேங்கோ.

ஆ, போகிறபோது ஒரு உதவி. அந்தச் சில்லுக்குப் பக்கத்தில் பனி கொத்துகிற அலவாங்கு சாத்தியிருக்கிறது, அதை எடுத்துத் தாருங்கோ. நீங்கள் ஏறி இறங்கினதில் படியில் திரும்பவும் பிடித்துவிட்டது. கொத்திவிட்டு உள்ளே போகிறேன்.